பிரேஸல் வேர்ப் பட்டியல், பக்கத்தில் லட்வியன் மொழிபெயர்ப்பு: இதை எப்படிப் படிக்கிறது?

உப்புவெளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில இருந்து எழுதுறன். தங்கச்சி லட்வியாத் தலைநகர் ரீகாவுக்குப் படிக்கப் போறா. பாடம் எல்லாம் ஆங்கிலத்தில. போக முதல் ஐ.ஈ.எல்.டி.எஸ். எண்ட ஆங்கிலப் பரீட்சை எழுத வேணும். அங்க போனா கடை, பஸ், வாடகை வீடு எண்டு லட்வியனும் கொஞ்சம் தேவைப்படும்.

கையில ஒரு பட்டியல் இருக்கு. இடப்பக்கம் ஆங்கில பிரேஸல் வேர்ப்களும் (வினையோட அப், அவுட் மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து வாறது) மரபுத்தொடர்களும், வலப்பக்கம் லட்வியன். கிட்டத்தட்ட 400 வரி, அகரவரிசையில. தமிழ் கிடையாது. ஒரே கல்லில ரெண்டு மாங்காய் எண்டு தொடங்கினா. இப்ப 'கிவ்' பக்கத்தில நிக்கிறா. கிவ் அப், கிவ் இன், கிவ் அவே, கிவ் அவுட் நாலும் குழம்பிப்போச்சு. கிவ் அப்புக்கு நேர லட்வியனில ரெண்டு சொல் போட்டிருக்கு, எது எங்க வரும் எண்டு இல்லை. பயிற்சியில 'டேர்ன் ஓஃப் இட்' எண்டு எழுதினதுக்குப் பிழை போட்டிருக்கு, ஏன் எண்டும் விளங்கேல்ல.

பட்டியலை வச்சிருக்கவா, தூக்கிப் போடவா? தமிழை எங்க சேர்க்கிறது?

---

வெண்கட்டி எழுதியது:

பட்டியல் இருக்கட்டும், அகரவரிசையைத் தூக்கிப் போடுங்கள். குழப்பத்துக்குக் காரணமே அதுதான். ஒரே மாதிரி ஒலிக்கும் நாலு சொல்லை ஒரே நாளில் மூளைக்குள் போட்டால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கிவ் அப் இன்று என்றால் கிவ் இன் குறைந்தது ஒரு கிழமை கழித்து.

எதை முதலில் எடுப்பது? கார்ட்னர், டேவிஸ் என்ற இருவர் 2007இல் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்தொகுதியை எண்ணிப் பார்த்தார்கள். அதில் வரும் பிரேஸல் வேர்ப்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை வெறும் 25 சேர்க்கைகளே பிடித்துக்கொள்கின்றன. கோ ஒன், கேரி அவுட், செட் அப், பிக் அப், ஃபைண்ட் அவுட், பொயின்ட் அவுட், டேர்ன் அவுட், வேர்க் அவுட், டேக் ஓவர், கிவ் அப் எல்லாம் அந்த 25க்குள் வருபவை. முதல் 100ஐ எடுத்தால் பாதிக்கு மேல் முடிந்தது. ஆகவே 400 வரியில் 150ஐக் கோடு போட்டுப் பிரித்தெடுங்கள். மிச்சம் வாசிக்கும்போது எதிர்ப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி: நாளுக்கு 4 புதியது, கிழமைக்கு 5 நாள். 150ஐ முடிக்க எட்டுக் கிழமை போதும். படித்ததை 1, 3, 7, 21ஆம் நாள்களில் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்த நாளிலும் புதியது 4, பழையது 16க்கு மேல் போகாது. கால் மணித்தியால வேலை. பத்துப் பத்தாகத் தொடங்குகிறவர்கள் மூன்று கிழமை போனதும் பழையது 40க்கு ஏறி, கொப்பியை மூடிவிடுகிறார்கள். 80 பக்கக் கொப்பி ஒன்று போதும், பக்கத்துக்கு இரண்டு.

இனி 'டேர்ன் ஓஃப் இட்'. பிரியும் வினைகளில், இட், ஹிம், தெம் போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: டேர்ன் இட் ஓஃப். பெயர்ச்சொல் என்றால் இரண்டும் சரி: டேர்ன் ஓஃப் த ஃபேன், டேர்ன் த ஃபேன் ஓஃப். பிரியாதவற்றில் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது: லுக் ஆஃப்டர் ஹேர். மூன்று சொல் வினைகள் பெரும்பாலும் பிரியாது: புட் அப் வித், ரன் அவுட் ஒவ், லுக் ஃபோர்வேர்ட் டு. கடைசியில் சொன்னதற்குப் பின் 'சீ' வராது, 'சீயிங்' வரும். பரீட்சைத் தாளில் இந்த ஒரு இடத்தில் எத்தனை பேர் வழுக்குகிறார்கள்!

எனவே கொப்பியில் 'டேர்ன் ஓஃப்' என்று மொட்டையாக எழுதாமல் 'டேர்ன் இட் ஓஃப்', 'லுக் ஆஃப்டர் ஹேர்' என்றே எழுதச் சொல்லுங்கள். பிரியுமா பிரியாதா என்பது தலைப்பிலேயே வந்துவிடும், தனி விதி மனப்பாடம் தேவையில்லை. (நான் இங்கே தமிழ் எழுத்தில் போடுகிறேன். கொப்பியில் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலும் லட்வியனை அதன் எழுத்திலும் எழுதுங்கள். 'ஒவ்', 'ஓஃப்' இரண்டும் தமிழில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆங்கிலத்தில் அல்ல.)

தமிழ் எங்கே என்று கேட்டீர்கள். தமிழைச் சேர்க்காவிட்டாலும் அது தானாக வந்து உட்காரும், பிழையாக. நம் ஊரில் அன்றாடம் கேட்பவை: 'லைட் போடு' என்பதை 'புட் த லைட்' என்பது. 'ஓஃப் த ஃபேன்' என்று ஓஃபையே வினையாக்குவது. 'பஸ்ஸில் இருந்து இறங்கு' என்பதை 'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' என்பது, அது 'கெட் ஓஃப் த பஸ்'. 'கோப் அப் வித்' என்று இல்லாத அப்பை ஒட்டுவது, 'கோப் வித்' மட்டுமே. படிப்பு முடித்தேன் என்பதற்கு 'ஐ பாஸ்ட் அவுட்' என்று ரீகாவில் சொன்னால் மயங்கி விழுந்ததாகத்தான் எடுப்பார்கள்.

பரீட்சை பற்றி ஒன்று. பேச்சுத் தேர்வில் பிரேஸல் வேர்ப்பும் மரபுத்தொடரும் இயல்பாக வந்தால் நல்லது, 7ஆம் பாண்டுக்கான (மதிப்பெண் நிலை) விவரிப்பிலேயே மரபுத்தொடர் வழக்கு இருக்கிறது. கட்டுரையில் கவனம்: கேரி அவுட், செட் அப், பொயின்ட் அவுட் தாராளமாக எழுதலாம். 'புட் ஓஃப்' என்பதைவிட 'போஸ்ட்போன்' பொருந்தும்.

---

பால்டிக் காத்து எழுதியது:

லட்வியன் பக்கத்தை நான் பார்க்கிறேன். பட்டியலில் லட்வியன் சொல் அடிவடிவத்தில் மட்டும் இருக்கும். கூட வரும் பெயர்ச்சொல்லுக்கு எந்த வேற்றுமை என்று இருக்காது, எந்தப் பொருளுக்கு என்றும் இருக்காது. அதுதான் கிவ் அப்புக்கு இரண்டு சொல் நிற்பதன் கதை. 'பதுவொட்டியெஸ்' என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு சரணடைவது. 'அட்மெஸ்ட்' என்றால் சிகரெட் மாதிரி ஒரு பழக்கத்தைக் கைவிடுவது. தமிழிலும் இரண்டு சொல்தானே: சரணடை, கைவிடு. பஸ்ஸில் ஒரு அம்மாவுக்கு இருக்கையைக் கிவ் அப் பண்ணினால் அது 'விட்டுக்கொடு', மூன்றாவது பொருள். ஆங்கிலம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று வீட்டுக்குப் போகிறது. லட்வியனும் தமிழும் வீட்டுக்கு வீடு சட்டை மாற்றுகின்றன.

லட்வியனில் ஆங்கிலத்தின் அப், அவுட், ஓஃப் வேலையைப் பெருமளவில் வினைக்கு முன்னால் ஒட்டும் முன்னொட்டுகள் செய்கின்றன. மொத்தம் 11: ஐஸ், அப், அட், இயெ, இஸ், நுவொ, ப, பார், பியெ, ஸ, உஸ். இவை வினையைவிட்டுக் கழன்று போகாது. ஆகவே 'இட்' எங்கே வரும் என்ற தலைவலி லட்வியனில் இல்லை.

'துவொட்' என்றால் கொடு. எழுத்தில் 'ஓ' போல நிற்கும், சொந்தச் சொற்களில் பெரும்பாலும் 'உவொ' என்று உச்சரிப்பார்கள். இதன் குடும்பத்தைப் பாருங்கள்:

அட்துவொட் – திருப்பிக்கொடு, ஆங்கிலத்தில் கிவ் பேக்
ஐஸ்துவொட் – கடன் கொடு
பார்துவொட் – விற்றுவிடு
நுவொதுவொட் – ஒப்படை, காட்டிக்கொடு
பியெதுவொட் – மன்னி
இஸ்துவொட் – வெளியிடு, செலவழி
உஸ்துவொட் – வேலை கொடு, கேள்வி கேள்

'காட்டிக்கொடு', 'விட்டுக்கொடு', 'திருப்பிக்கொடு' என்று நாம் கொடுவுக்கு முன்னால் ஒன்றை வைத்துப் பொருளை மாற்றுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. அதனால்தான் சொல்கிறேன், ஆங்கிலத்தில் இருந்து லட்வியனுக்கு நேரே தாவாமல் நடுவில் தமிழ்க் கூட்டுவினையை வையுங்கள். எழுது குடும்பத்தில் இது இன்னும் தெளிவு. 'ரக்ஸ்டீட்' வெறும் எழுது. 'உஸ்ரக்ஸ்டீட்' எழுதிமுடி. 'பியெரக்ஸ்டீட்' குறித்துக்கொள், அதாவது ரைட் டவுன். 'நுவொரக்ஸ்டீட்' பார்த்தெழுது. 'பரக்ஸ்டீட்' கையெழுத்துப் போடு. 'பார்ரக்ஸ்டீட்' திரும்ப எழுது. வாடகை ஒப்பந்தத்தில் எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று தெரிய இந்த வித்தியாசம் வேண்டும்.

வீடு தேடும்போது 'இஸீரே' என்ற விளம்பரம் கண்ணில் படும். 'ஈரேட்' என்றால் வாடகைக்கு எடு, 'இஸீரேட்' என்றால் வாடகைக்கு விடு, ஆங்கில ரென்ட் அவுட். எடு, விடு இரண்டையும் மாற்றிவிட்டால் தங்கச்சி வீட்டுக்காரியாகிவிடுவா. கதவுகளில் 'இயெயெயா' உள்ளே போகும் வழி, 'இஸெயா' வெளியேறும் வழி. பஸ்ஸில் ஏற 'இயெகாப்ட்', இறங்க 'இஸ்காப்ட்'. மின்விளக்கைப் போட 'இயெஸ்லேக்ட்', அணைக்க 'இஸ்ஸ்லேக்ட்'. இயெ, இஸ் இந்த ஜோடியை முதல் நாளே படித்துவிடலாம்.

நமக்கு இன்னொரு சலுகை. 'ஐ ரான் அவுட் ஒவ் மணி' என்ற வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு எழுவாய் 'நான்'. லட்வியனில் 'மன் இஸ்பெய்ட்ஸாஸ் நௌதா', சொல்லுக்குச் சொல் 'எனக்கு முடிந்தது காசு'. எனக்குக் காசு முடிஞ்சு போச்சு என்று நாம் சொல்வதேதான். 'மன் பதீக்' எனக்குப் பிடிக்கும், 'மன் வஜக்' எனக்கு வேணும், 'மன் ஸாப் கல்வா' எனக்குத் தலை வலிக்குது. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் இங்கே 'நான்' என்று தொடங்கிப் பிழை விடுவார்கள். தமிழில் இருந்து போனால் நாலாம் வேற்றுமை தானாக வரும்.

உச்சரிப்பில் குறில் நெடிலைக் காப்பாற்றுங்கள். எழுத்துக்கு மேல் கோடு இருந்தால் நெடில். அந்தக் கோட்டை விட்டால் 'காஸஸ்' என்ற கல்யாணம் 'கஸஸ்' என்ற ஆடுகளாகிவிடும். அழுத்தம் அநேகமாக முதல் அசையில். ஸ என்று நான் எழுதியதில் சில இடம் அதிரும் ஒலி, அதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

---

சைனாபே எழுதியது:

இவ்வளவு நீட்டத் தேவையில்லை அண்ணா. அப் = உஸ், இன் = இயெ, அவுட் = இஸ், ஓஃப் = நுவொ. நாலையும் பாடமாக்கினா 400 வரியும் தானா வரும்.

---

பால்டிக் காத்து எழுதியது:

தம்பி, ஏறுவது இறங்குவது மாதிரி இடம் மாறும் வினைகளில் உங்கள் கணக்கு ஓரளவு ஓடும். அதைத் தாண்டினால் கவிழும். நாலு 'அப்' எடுத்துப் பார்ப்போம். கெட் அப் – பியெட்ஸெல்டியெஸ். வேக் அப் – பமுவொஸ்டியெஸ். ஈட் அப் – அபேஸ்ட். டிரிங்க் அப் – இஸ்ட்ஸெர்ட். முறையே பியெ, ப, அப், இஸ். ஒன்றில்கூட உஸ் இல்லை. கிவ் அப்பை உஸ்துவொட் என்று போட்டால் வீட்டுவேலை கொடுத்ததாகிவிடும். ஓஃப் கதையும் அதேதான்: சட்டையைக் கழற்றும் டேக் ஓஃப் 'நுவொவில்க்ட்' சரி, ஆனால் விமானம் கிளம்பும் டேக் ஓஃப் 'பட்ஸெல்டியெஸ்', டேர்ன் ஓஃப் 'இஸ்ஸ்லேக்ட்', புட் ஓஃப் 'அட்லிக்ட்'.

ஈட் அப், டிரிங்க் அப்பில் அந்த 'அப்' மேலே என்ற பொருளில் இல்லை. சாப்பிட்டு முடி, குடித்துவிடு என்ற முடிவுப் பொருள். நம் 'முடி', 'விடு' செய்யும் வேலை.

---

துறைமுகத்தான் எழுதியது:

மரபுத்தொடரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இதற்கு வேறு முறை. இங்கே சொல்லைப் பெயர்க்கக் கூடாது, சந்தர்ப்பத்தைப் பெயர்க்க வேண்டும்.

கேள்வியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. நமக்கு ஒரு கல், இரண்டு மாங்காய். ஆங்கிலத்தில் ஒரு கல், இரண்டு பறவை. லட்வியனில் ஒரு வெடி, இரண்டு முயல். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதை ஆங்கிலேயர் எலி தோண்டிய மண்ணை மலையாக்குவது என்பார்கள், எலி என்பது அகழெலி. லட்வியர் ஈயை யானையாக்குவார்கள். அது நம் ஊர் ஈர் இல்லை, பறக்கும் ஈ. பார்க்காமல் வாங்கி ஏமாறுவது ஆங்கிலத்தில் சாக்குக்குள் பன்றி, லட்வியனில் சாக்குக்குள் பூனை. புளுகுவது லட்வியனில் 'பூஸ்ட் பீலீட்டெஸ்', குட்டி வாத்துகளை ஊதுவது. நம்மவர் ரீல் விடுவார்கள்.

பொருள் ஒத்தாலும் மரியாதை ஒக்குமா என்று பார்க்க வேண்டும். 'கிக் த பக்கட்', லட்வியனில் கரண்டியைக் கீழே வைப்பது, தமிழில் மண்டையைப் போடுவது. மூன்றும் ஒரே தரம், மூன்றையும் செத்த வீட்டில் சொல்லக் கூடாது. அங்கே 'பாஸ் அவே', காலமானார். பட்டியலில் இந்தக் குறிப்பு இருக்காது, நீங்கள்தான் பக்கத்தில் 'பகிடி', 'மரியாதை' என்று போட வேண்டும்.

பூவில் ஒரு பொறி இருக்கிறது. லட்வியனில் 'ஆந்தையின் வால் பூக்கும்போது' என்றால் ஒருக்காலும் நடக்காது, ஆங்கிலத்தில் பன்றி பறப்பது. இதைக் கண்டவுடன் 'அத்தி பூத்தாற்போல' என்று எழுதிவிடாதீர்கள். அத்தி பூப்பது மிக அரிதாக நடப்பது, அது 'வன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. இரண்டிலும் பூ இருக்கிறது என்பதைத் தவிர வேறு உறவில்லை.

மழைக்கு 'கேட்ஸ் அண்ட் டோக்ஸ்' பாடப்புத்தகத்தில் இருக்கும். இன்று வாயில் வருவது 'இட்ஸ் போரிங் டவுன்' அல்லது 'பக்கட்டிங் டவுன்'. லட்வியனிலும் 'லீஸ்ட் கா நுவொ ஸ்பைன்யியெம்', வாளியால் ஊற்றுகிறதாம். இரண்டுமே வாளி என்பதால் சேர்த்துப் படிக்கலாம்.

துறைமுகத்து ஆள்களுக்குச் சில தொடர்கள் படிக்காமலே ஏறும், அவை பாய்க்கப்பலில் பிறந்தவை. காற்று திடீரென்று முன்பக்கமாக அடித்துப் பாயைக் கொடிமரத்தோடு அப்பினால் கப்பல் திகைத்து நின்றுவிடும், அதுதான் 'டேக்கன் அபாக்', திகைத்துப்போ. நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வட்டமடிக்கும், ஆகவே தள்ளிப் போ என்பது 'கிவ் எ வைட் பேர்த்'. உள்துறைமுகத்தில் நிற்கிற கப்பலின் மூக்கு காலையில் ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம் பார்ப்பதைக் கவனித்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. லட்வியனில் 'வளைந்து சுற்றிப் போ' என்பார்கள், கடல் அதில் இல்லை. 'லேர்ன் த ரோப்ஸ்' கயிறுகளைக் கற்பது, தமிழில் நெளிவுசுழிவு பிடிபடுவது.

---

உப்புவெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி ஒரு பக்கம் எழுதிக் காட்டினா. சரியா எண்டு பாருங்கோ டீச்சர்:

டேர்ன் இட் டவுன்
வாக்கியம்: ஷீ டேர்ன்ட் டவுன் த ஜொப். ஷீ டேர்ன்ட் டவுன் இட்.
தமிழ்: வேண்டாம் எண்டு சொல்லு, சத்தத்தைக் குறை
லட்வியன்: நுவொரைடீட்

---

வெண்கட்டி எழுதியது:

தலைப்பு சரி, இரண்டாம் வாக்கியம் தலைப்போடு சண்டை போடுகிறது: ஷீ டேர்ன்ட் இட் டவுன். தலைப்பைப் பார்த்து எழுதாமல் தமிழைப் பார்த்து எழுதியிருக்கிறா. ஜொப்புக்குப் பதில் ஒஃபர் போட்டால் இயல்பாக இருக்கும். பொருள் இரண்டு என்றால் பக்கத்தில் இரண்டு பெட்டி கீறுங்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு தமிழை காற்புள்ளி போட்டு அடைத்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு எது எதற்கென்று தெரியாது. கொப்பியை மூடிக்கொண்டு தமிழ் வாக்கியத்தில் இருந்து ஆங்கிலம் சொல்லிப் பார்க்க வேண்டும், மற்றப் பக்கமாக அல்ல. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது எல்லாருக்கும் வரும்.

---

பால்டிக் காத்து எழுதியது:

லட்வியனுக்கும் இரண்டு பெட்டிதான். வேலையை மறுப்பதற்கு 'வின்யா நுவொரைடீயா பியெதாவாயுமு', அவள் அந்த வாய்ப்பை மறுத்தாள். கடைசிச் சொல்லின் இறுதியில் வரும் 'உ' நம் 'ஐ' உருபு, அதோடு சேர்த்தே எழுதுங்கள். ரேடியோ சத்தத்துக்கு நுவொரைடீட் வராது, 'பக்ரியெஸ் ரேடியோ க்லுஸாக்', ரேடியோவைச் சத்தம் குறையத் திருப்பு. ரேடியோ கடன்சொல் என்பதால் அதில் மட்டும் 'ஓ' ஓவாகவே நிற்கும், உவொ இல்லை.